புது ரிமோட் சாவி வேலை செய்யவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

அமெரிக்காவில் பழைய கார் வாங்குகிறவர்கள் பலருக்கு வண்டியோடு ஒரே ஒரு சாவிதான் கிடைக்கிறது. இரண்டாவது சாவிக்கு டீலரிடம் போனால் சாவி விலை, வெட்டுக்கூலி, புரோகிராம் செய்யும் கூலி என்று சேர்த்து பில் சில நூறு டாலரைத் தொட்டுவிடும். அதே மாதிரி சாவி இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி, தகட்டை வெட்டி, வாசலில் நிற்கும் வண்டியில் உட்கார்ந்து முயன்றால் வேலை செய்வதில்லை. உடனே சாவி டூப்ளிகேட் என்று திட்டிவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் சாவியில் குறை இருக்காது. செய்யவேண்டியது ஒன்றாக இருக்க, செய்தது வேறொன்றாக இருக்கும்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது 2000 முதல் 2012 வாக்கில் வட அமெரிக்காவில் விற்ற, சாவியைச் செருகித் திருப்பும் ஃபோர்டு வண்டிகள்: ஃபோகஸ், எஸ்கேப், எக்ஸ்ப்ளோரர், எஃப் 150 போன்றவை. கருவி எதுவும் இல்லாமல் வண்டிக்காரரே சாவியைச் சேர்த்துக்கொள்ளும் வழியை ஃபோர்டு தன் கையேட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்தது. மற்ற வண்டிகளைப் பற்றிக் கடைசிப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது.

தொடங்குவதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு ரிமோட் சாவிக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பாகங்கள் இருக்கின்றன. முதலாவது, வெட்டிய உலோகத் தகடு. அது பூட்டைத் திருப்பும், அவ்வளவுதான். இரண்டாவது, ரிமோட், பட்டன் செல்லில் ஓடும் ஒரு சின்ன ரேடியோ, கதவைத் திறந்து மூடும். மூன்றாவது, டிரான்ஸ்பாண்டர் சிப். இதற்கு செல் கிடையாது. சாவியைச் செருகித் திருப்பும்போது இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளின் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, தான் யார் என்று வண்டிக்குச் சொல்லும். வண்டி ஒப்புக்கொண்டால்தான் எஞ்சின் ஓடும். ஃபோர்டு இந்த ஏற்பாட்டை செக்யூரிலாக் என்றும் பாட்ஸ் என்றும் சொல்கிறது.

ரிமோட்டைப் புரோகிராம் செய்வது ஒரு வேலை, சிப்பைப் புரோகிராம் செய்வது வேறு வேலை. பெரும்பாலான வண்டிகளில் ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடக்காது. கீழே உள்ள எல்லா அறிகுறிகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் பிரிகின்றன.

வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ரிமோட்டில் கதவு திறக்கவில்லை

சிப் சரி, தகடு சரி, கோளாறு ரிமோட்டில். முதலில் செல்லை மாற்றுங்கள். புதுசாக வந்த சாவியாக இருந்தாலும் மாற்றுங்கள். கூடவே வரும் செல் எத்தனை நாள் கடையில் கிடந்ததோ. பெரும்பாலான ஃபோர்டு ரிமோட்டுகளில் சிஆர் 2032 இருக்கும்: 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிமன். வீட்டில் கிடக்கும் சிஆர் 2025 பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் 2.5 மில்லிமீட்டர்தான் தடிமன். செல்லைப் பிடிக்கும் தகட்டில் அது சரியாகத் தொடாது, ரிமோட் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. சாவியின் பிளாஸ்டிக் ஓட்டைத் திறக்கும்போது செல் தொடும் இடங்களில் கிரீஸ் மாதிரி ஏதாவது தெரிந்தால் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். அது கம்பெனியே பூசியது. செல் மாற்றினால் புரோகிராம் அழிந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம், அழியாது.

ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்க்க அதைப் போன் கேமரா முன் பிடித்து அழுத்தச் சொல்வார்கள். டிவி ரிமோட்டுக்கு அது சரி, அதில் வருவது அகச்சிவப்பு ஒளி. கார் ரிமோட்டில் வருவது ரேடியோ அலை; கேமராவில் ஒன்றும் தெரியாது. அதை வைத்து ரிமோட் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது அலைவரிசை. அமெரிக்காவில் விற்ற இந்தக் காலத்து ஃபோர்டு ரிமோட்டுகள் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பா, இந்தியா வண்டிகளுக்கு 433.92. வெளியே பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். 433 ரிமோட்டை 315 வண்டியிடம் கொண்டுபோய் நாள் முழுக்க அழுத்தினாலும் வண்டிக்குக் கேட்காது. பழைய ரிமோட்டின் முதுகில் எஃப்சிசி எண் (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் ஒப்புதல் எண்) அச்சாகியிருக்கும். புதியதிலும் அதே எண், எழுத்துக்கு எழுத்து, இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். படம் ஒத்துப்போவதும் பட்டன் எண்ணிக்கை ஒத்துப்போவதும் போதாது.

இது இரண்டும் சரியென்றால், இனி ரிமோட்டைப் புரோகிராம் செய்யலாம். எல்லாக் கதவுகளையும் மூடுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா ரிமோட்டையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சாவியைச் செருகி, ஆஃப் நிலையிலிருந்து ரன் நிலைக்கு, 10 விநாடிக்குள் 8 முறை திருப்புங்கள். எட்டாவது முறை ரன்னிலேயே நிற்க வேண்டும். ஸ்டார்ட் வரைக்கும் போகவேண்டாம். கதவுகள் தாமாகப் பூட்டித் திறக்கும். அதுதான் வண்டி தயார் என்பதற்கு அடையாளம். 20 விநாடிக்குள் முதல் ரிமோட்டில் ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள். கதவுகள் மறுபடி பூட்டித் திறந்தால் அது பதிவாகிவிட்டது. அப்படியே அடுத்தடுத்த ரிமோட்டுகள். பொதுவாக நான்கு வரை ஏற்கும். முடிந்ததும் ஆஃப்.

எட்டு முறை திருப்பியும் கதவுகள் அசையவில்லை

இது கைப்பழக்கம் சம்பந்தப்பட்டது. அதிகமாக நடப்பது, ஒவ்வொரு முறையும் சாவியை முழுசாக ஆஃப் வரை கொண்டுவராமல் நடுவில் இருக்கும் அக்சசரி நிலையிலேயே திருப்பி அனுப்பிவிடுவது. வண்டி அதை எண்ணுவதில்லை. இரண்டாவது, நிதானமாகச் செய்து 10 விநாடியைத் தாண்டிவிடுவது. ஒரு முறைக்கு ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைக்கிறது. வாய்விட்டு எண்ணிக்கொண்டே திருப்பினால் தாளம் பிடிபடும்.

கதவு ஒன்று சரியாக மூடவில்லை என்றாலும் நடக்காது. சில மாடல்களில் தொடங்குவதற்கு முன் டிரைவர் கதவின் உட்புறத்தில் உள்ள அன்லாக் பட்டனை ஒரு தடவை அழுத்த வேண்டும். 1990களின் சில வண்டிகளில் எட்டுக்குப் பதில் நான்கு முறை. உங்கள் வருடத்துக்கான கையேட்டை ஃபோர்டு இணையத்தில் இலவசமாகவே கொடுக்கிறது. அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு உட்காருவது நல்லது.

இன்னொன்றும் உண்டு. விலை குறைந்த அடிப்படை மாடல் சிலவற்றில் ரிமோட் வசதியே வைத்திருக்க மாட்டார்கள். பழைய ரிமோட் ஒன்றுகூட உங்களிடம் வரவில்லை என்றால் முதலில் இதை விசாரியுங்கள்.

புது ரிமோட் வேலை செய்கிறது, பழையது நின்றுவிட்டது

கெட்டுப்போகவில்லை. புரோகிராம் முறைக்குள் வண்டி நுழைந்து முதல் ரிமோட்டை ஏற்றதும், முன்பு பதிந்திருந்த எல்லா ரிமோட்டையும் அழித்துவிடும். அதனால்தான் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மறுபடி தொடங்கி, பழையது புதியது எல்லாவற்றையும் ஒரே அமர்வில் சேருங்கள். பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இது வசதியும்கூட: முன்பு வைத்திருந்தவரிடம் ரிமோட் ஏதாவது தங்கியிருந்தால் இதோடு அது செல்லாது. ஆனால் அவரிடம் உள்ள சாவியின் சிப் இதில் அழியாது, அது வேறு கணக்கு.

கதவு திறக்கிறது, ஆனால் எஞ்சின் ஓடவில்லை

இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும், எஞ்சின் பிடிக்காது. அல்லது பிடித்து உடனே அணைந்துவிடும். சில மாடல்களில் செல்ஃப்கூட அடிக்காது. டாஷ்போர்டில் திருட்டுத் தடுப்பு விளக்கைப் பாருங்கள். சாவி சரியென்றால் அது மூன்று விநாடி எரிந்து அணையும். இல்லையென்றால் வேகமாகத் துடிக்கும்.

பலர் அந்தத் துடிப்பைப் பார்த்ததும் சாவியை உருவிவிடுகிறார்கள். உருவாதீர்கள். ரன் நிலையிலேயே விட்டுவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். வேகத் துடிப்பு நின்று, விளக்கு நிறுத்தி நிறுத்தி மின்ன ஆரம்பிக்கும். ஒரு மின்னல், சின்ன இடைவெளி, மூன்று மின்னல் என்றால் 13. ஒன்று, பிறகு ஐந்து என்றால் 15. அதையே பலமுறை திருப்பிச் சொல்லும், தாளில் குறித்துக்கொள்ள நேரம் இருக்கிறது.

13 என்றால் வண்டிக்குச் சிப்பின் குரலே கேட்கவில்லை. சாவியில் சிப் இல்லை, அல்லது வேறு இனச் சிப். சாவியின் ஓட்டை மட்டும் புதிதாக மாற்றியவர்களுக்கு இது அதிகம் வரும். பல சாவிகளில் சிப் சர்க்யூட் போர்டில் இருக்காது. ஓட்டின் ஓரத்தில் ஒரு சிறு குழிக்குள், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டாகத் தனியே செருகியிருக்கும். போர்டை மட்டும் எடுத்துப் புது ஓட்டில் வைத்துவிட்டு, பழைய ஓட்டைக் குப்பையில் போட்டால் சிப்பும் அதோடு போய்விடும். பழைய ஓட்டைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் ஓரங்களைப் பாருங்கள்.

14 என்றால் சிப் பேசுகிறது, பாதிதான் கேட்கிறது. சாவியை உருவி மறுபடி செருகிப் பாருங்கள், வளையத்தில் உள்ள மற்ற சாவிகளைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். 15 வந்தால் சந்தோஷப்படலாம்: சிப் சரியான இனம், நன்றாகக் கேட்கிறது, வண்டியில் இன்னும் பதியவில்லை, அவ்வளவுதான். 21 என்றால் வண்டியில் பதிந்திருக்கும் சாவிகள் இரண்டுக்கும் குறைவு. 11, 12, 16 வந்தால் சாவியை விட்டுவிடுங்கள். இக்னிஷனைச் சுற்றியுள்ள சுருளிலோ அதன் இணைப்பிலோ, வண்டியின் கணினிகளுக்கு இடையிலோ கோளாறு. புதுச் சாவி எத்தனை வாங்கினாலும் அது தீராது.

15 வந்தவர்கள் செய்ய வேண்டியது இது. ஏற்கெனவே வேலை செய்யும் இரண்டு சாவிகள் கையில் இருக்க வேண்டும்.

1. முதல் பழைய சாவியைச் செருகி ரன்னுக்குத் திருப்புங்கள். மூன்று விநாடிக்குக் குறையாமல், பத்து விநாடியைத் தாண்டாமல் வைத்திருந்து, ஆஃப் செய்து உருவுங்கள்.
2. பத்து விநாடிக்குள் இரண்டாவது பழைய சாவி. அதேபோல் மூன்றிலிருந்து பத்து விநாடி. உருவுங்கள்.
3. இருபது விநாடிக்குள் புதுச் சாவியைச் செருகி ரன்னில் குறைந்தது ஆறு விநாடி விடுங்கள்.

திருட்டுத் தடுப்பு விளக்கு மூன்று விநாடி நின்று எரிந்தால் சேர்ந்துவிட்டது. ஸ்டார்ட் செய்து பாருங்கள். பழைய வருடங்களில் இந்த இடைவெளிகள் இன்னும் குறைவு (பத்துக்குப் பதில் ஐந்து, இருபதுக்குப் பதில் பத்து), அதனால் மூன்று சாவிகளையும் வளையத்திலிருந்து கழற்றி வரிசையாக மடியில் வைத்துக்கொண்டு சுறுசுறுப்பாகச் செய்வதே நல்லது. தவறினால் இருபது விநாடி பொறுத்து முதலிலிருந்து தொடங்குங்கள். ஒரு வண்டி எட்டுச் சாவி வரை ஏற்கும்.

இரண்டு சாவி இருக்கிறது, மூன்றாவதை ஏற்க மறுக்கிறது

ஆளைக் குழப்பும் அறிகுறி இது. இரண்டு சாவியும் வண்டியைத் தனித்தனியே ஓட்டுகின்றன, ஆனாலும் மூன்றாவது சேரவில்லை. பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்று நகல் சாவி. பூட்டுக்காரரிடமோ கடையிலுள்ள இயந்திரத்திலோ எடுத்த நகலில், மூலச் சாவியின் அடையாளம் அப்படியே பதிந்திருக்கும். வண்டியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சாவிதான். இரண்டாவது முறை செருகும்போதும் "இவர் முன்பே வந்தவர்தானே" என்று விட்டுவிடும். ஓட்டுவதற்கு நகல் போதும், மூன்றாவதைச் சேர்க்க அது இரண்டாவது ஆகாது.

இல்லையென்றால் சிப்பின் தலைமுறையைப் பாருங்கள். ஃபோர்டு முதலில் 40 பிட் சிப் வைத்தது, பின்னால் 80 பிட்டுக்கு மாறியது (சிப்புக்குள் இருக்கும் ரகசியக் குறியீட்டின் நீளம் இது). 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்எஸ்ஏ ஆய்வுக்கூடத்தாரும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 40 பிட் சிப்பின் ரகசியக் குறியீட்டை உடைத்துக் காட்டினார்கள். ஒரு ஃபோர்டு வண்டியையே ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். 80 பிட் சாவியின் தகட்டில் எஸ்ஏ என்ற இரண்டு எழுத்து பொறித்திருப்பதைப் பார்க்கலாம். வண்டி 80 பிட் கேட்டால் 40 பிட் சாவி என்ன செய்தாலும் சேராது. வாங்கும் இடத்தில் பிட் எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

சில நாள் ஸ்டார்ட் ஆகிறது, சில நாள் இல்லை

சாவி வளையத்தை மேசை மேல் வைத்துப் பாருங்கள். வேறொரு காரின் சிப் சாவி அதிலேயே தொங்கினால் இரண்டு சிப்பும் ஒரே நேரத்தில் பேசும், வண்டிக்கு எதுவும் புரியாது. பெரிய உலோகப் பதக்கங்களும் கெடுக்கும். பெட்ரோல் பங்க்கில் காட்டிப் பணம் கட்டும் குச்சிகூட வேண்டாம் என்று ஃபோர்டு கையேடு எச்சரித்தது. எக்சான்மொபில் கொடுத்த ஸ்பீட்பாஸ் குச்சியில் இருந்ததும் அதே குடும்பச் சிப்தான். கார் சாவியைத் தனியே கழற்றிச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். செலவில்லாத சோதனை, பலருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

வீட்டில் ரிமோட் வேலை செய்கிறது, வேறு இடத்தில் இல்லை

ஒளிபரப்புக் கோபுரம், விமான நிலையம் போன்ற இடங்களுக்குப் பக்கத்தில் ரிமோட்டின் வீச்சு குறைவது சகஜம். எல்லா இடத்திலும் வண்டியை ஒட்டி நின்றால்தான் வேலை செய்கிறது என்றால் செல் முடியப்போகிறது. செல் புதிது என்றால், அதைப் பிடித்திருக்கும் தகட்டின் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கீழே விழுந்த ரிமோட்டுகளுக்கு வழக்கமாக வரும் நோய்.

குழந்தை கையில் கிடைத்து நெடுநேரம் அழுத்தப்பட்ட ரிமோட்டும் நின்றுவிடக்கூடும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீட்டு எண் முன்னே நகரும். வண்டி எதிர்பார்க்கும் எல்லையைத் தாண்டிவிட்டால் ஏற்காது. வண்டியருகே நின்று இரண்டு மூன்று தடவை அழுத்திப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் மறுபடி புரோகிராம் செய்தால் போதும்.

கையில் ஒரே சாவி

மேலே சொன்ன இரண்டு சாவி முறை நடக்காது. அதனால்தான் இரண்டு இருக்கும்போதே மூன்றாவதைச் செய்து வீட்டில் வையுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஒன்று தொலைந்த பிறகு அதே வேலைக்குக் கருவி தேவைப்படும், செலவும் கூடும்.

ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளும், மடிக்கணினியை வண்டியின் ஓபிடி துளையோடு (கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) இணைக்கும் ஒரு அடாப்டரும் இருந்தால் பல ஃபோர்டு மாடல்களில் வீட்டிலேயே செய்யலாம். பாதுகாப்புக்காக வண்டி பத்து நிமிடம் காக்க வைக்கும். அந்த நேரத்தில் இணைப்பு அறுந்தால் மறுபடி பத்து நிமிடம். அதில் ஒரு கண்டம் இருக்கிறது: எல்லாச் சாவியையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தால், குறைந்தது இரண்டு சாவி பதியும்வரை வண்டி ஓடாது. வெட்டிய புதுச் சாவியும் பழைய சாவியும் பக்கத்தில் இல்லாமல் அந்தக் கட்டளையைத் தொடவேண்டாம். வண்டியின் பெரிய பேட்டரி பலவீனமாக இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள்.

ஃபோர்டு இல்லை, வேறு வண்டி

2000களின் கிரைஸ்லர், டாட்ஜ், ஜீப் பலவற்றிலும் இரண்டு சாவி முறை உண்டு. முதல் சாவி 3 முதல் 15 விநாடி ரன்னில். 15 விநாடிக்குள் இரண்டாவது. ஏறக்குறைய பத்து விநாடி கழித்து மணி ஒலித்து விளக்கு துடிக்கும். 60 விநாடிக்குள் புதுச் சாவி. ஜெனரல் மோட்டார்ஸின் பல வண்டிகளுக்குப் பழைய சாவியே தேவையில்லை, பொறுமைதான் தேவை: புதுச் சாவியை ரன்னில் விட்டால் பத்து நிமிடத்தில் பாதுகாப்பு விளக்கு அணையும், ஆஃப் செய்து சில விநாடி விட்டு இன்னும் இரண்டு முறை. இந்த அரைமணி நேர முறையில் பழைய சாவிகள் அழிந்துவிடும், அவற்றைப் பின்னால் சேர்க்க வேண்டும். பழைய நிசான்களில் கதவுகளைப் பூட்டிக்கொண்டு 10 விநாடிக்குள் சாவியை ஆறு முறை செருகி உருவினால் ஹசார்ட் விளக்குகள் மின்னும், பிறகு அக்சசரிக்குத் திருப்பி ரிமோட்டை அழுத்தவேண்டும். ஆனால் அது ரிமோட்டுக்கு மட்டும், சிப்புக்குக் கருவி வேண்டும்.

ஊரில் ஃபோர்டு வைத்திருப்பவர்கள் அமெரிக்க வீடியோவைப் பார்த்து எட்டு முறை திருப்பவேண்டாம். ஃபியஸ்டா குடும்பத்து வண்டிகளின் ஐரோப்பிய முறை வேறு: 6 விநாடிக்குள் நான்கு முறை ரன் நிலைக்குத் திருப்பி ஆஃப் செய்தால் ஒரு ஒலி கேட்கும், 10 விநாடிக்குள் ரிமோட்டை அழுத்தவேண்டும். மறைமலை நகரில் தயாரான ஃபிகோவும் அந்தக் குடும்பம்தான். அமெரிக்காவிலிருந்து வருகிறவரிடம் ரிமோட் வாங்கி வரச் சொல்வதும் வீண், அலைவரிசை ஒத்துவராது.

எல்லாம் செய்தும் நடக்கவில்லை

டீலருக்கு முன் நடமாடும் பூட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். வண்டி நிற்கும் இடத்துக்கே வருவார், இழுவை வண்டிக்குச் செலவில்லை. நாஸ்டஃப் (NASTF) என்ற அமெரிக்க வாகனப் பழுதுபார்ப்புத் துறை அமைப்பில் பதிந்தவரா என்று கேளுங்கள். பதிந்தவர்கள் சாவிக் குறியீட்டைக் கம்பெனியிடமிருந்தே முறைப்படி பெற முடியும். வண்டியின் உரிமைப் பத்திரத்தையும் உங்கள் அடையாள அட்டையையும் எடுத்து வையுங்கள், இரண்டையும் கேட்காமல் வேலையைத் தொடங்குகிறவரை நம்பவேண்டாம். நீங்கள் வாங்கிய சாவியையே புரோகிராம் செய்து தருவாரா, அதற்கு மட்டும் எவ்வளவு என்று போனிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். விளக்கு காட்டிய எண்ணையும் அப்போதே சொல்லிவிட்டால் அவர் எதை எடுத்து வரவேண்டும் என்று தெரிந்து வருவார்.